மனையகப் படமும் சட்டக அளவும்: எண்ணூர்க் குப்பத்து வீடுகள் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

செய்யுளை ஆராய்வார் அதன் சொல்லையும் பொருளையும் மட்டும் ஆராய்ந்து அமைவதில்லை. அஃது எத்துணை அடியான் நிற்கிறது என்பதையும் உடன் ஆராய்வர். அளவு என்பது செய்யுளைச் சுற்றிப் புறத்தே இடப்பெற்ற வேலி அன்று. செய்யுளின் உறுப்புகளுள் ஒன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் எண்ணும் 34 உறுப்புகளுள் அளவியலும் ஒன்றாக நிற்பதை அறிவோம். ஒளிப்படத்தை ஆராய்வாரிடத்தே இவ்வுணர்வு அத்துணை விளக்கமாகக் காணப்படவில்லை. படத்தின் நீள அகல விகிதத்தைக் கருவி தந்தது என்றோ, அச்சுத்தாள் வேண்டியது என்றோ கூறிக் கடந்துவிடுகின்றனர். ஸ்டுடியோக்காரர் 'கிராப்' என்று வழங்கும் ஓர வெட்டினையும் கைத்தொழிலின் பாற்படுத்தி விட்டுவிடுகின்றனர்.

வீட்டின் உள்ளிடத்தைக் காட்டும் படங்களை ஈண்டு மனையகப் படங்கள் என்போம். அவற்றில் சட்டக அளவும் ஓர வெட்டும் பொருளை எவ்வாறு ஆக்குகின்றன, எவ்வாறு கெடுக்கின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட களம், சென்னையின் வடகோடியில் கொசத்தலையாறு கடலொடு கலக்கும் எண்ணூர். அளவறியும் கருத்துகளைப் பெரும்பாலும் நம் பழைய செய்யுள் மரபிலிருந்தே கொண்டுள்ளோம். வலிந்து ஒப்புமை காண்பது எம் கருத்தன்று. வறியோர் மனையினுள் நோக்கும் நோக்கம் நம் புலவர்க்குப் பழகிய ஒன்றாதலின், அவர் கண்ட நெறி இங்குப் பயன்படும் என்பதே கருத்து.

1. களம்

எண்ணூர் நெய்தல் நிலம். கொசத்தலையாற்றின் முகத்துவாரமும் உப்பங்கழியும் மீனும் இறாலும் தந்து, நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம் முதலிய மீனவர் குடியிருப்புகளை வளர்த்தன. அந்நிலத்தின் இயல்பு அரைநூற்றாண்டுக்கு மேலாக மாறி வந்துள்ளது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் இயங்கத் தொடங்கி 2017-இல் மூடப்பெற்றது. வடசென்னை அனல்மின் நிலையம் 1994 முதல் இயங்கி வருகிறது. 2001-இல் செயற்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் 2014-இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. நண்டும் இறாலும் உப்பும் கருப்பொருளாக இருந்த கழிக்கு நிலக்கரியும் சாம்பலும் கருப்பொருளாகிவிட்டன.

2023 டிசம்பர்த் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் பெருமழையோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழியை அடைந்தது. படகும் வலையும் கரிபிடித்தாற்போலக் கறுத்தன. வெள்ளம் புகுந்த வீடுகளில் நீர் வடிந்த பின்னும் எண்ணெயின் கறை சுவரில் கோடாக நின்றது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

அந்நாள்களில் எண்ணூர் வீடுகளின் உள்ளிடம் படமாயிற்று. இத்தகைய படம் வெறும் காட்சி அன்று. அது சான்றாகவும் நிற்க வேண்டியதாயிற்று. சுவரின் கறை சட்டகத்தினுள் நின்றதா, வெட்டில் போயிற்றா என்பது அழகியலார் மட்டும் கவலும் வினா அன்று. இழப்புற்றவர் இழப்பை எடுத்துரைக்கும் வாய்ப்பும் அவ்வெட்டினைப் பொறுத்தது. இதுவே எண்ணூரைக் களமாகக் கொண்டதற்குக் காரணம்.

2. பத்தடி அறையும் சட்டகத்தின் கணக்கும்

சட்டக அளவு பொருளை மாற்றும் என்று பொதுவாகக் கூறுதல் எளிது. அதனைக் கணக்கிட்டுக் காண்போம். பத்தடி நீளமும் பத்தடி அகலமும் ஒன்பதடி உயரமும் உடைய ஓரறை வீட்டை எடுத்துக்கொள்க. சுவரில் தரையிலிருந்து ஒன்றரையடி உயரத்தில் எண்ணெய்க் கறை நிற்கிறது எனக் கொள்க. படமெடுப்பார் நிலைப்படியில் நின்று எதிர்ச்சுவரை நோக்குகிறார். அவர் கைக்கருவியின் படத்தளம் 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உடையது. பழைய பிலிம் கருவிகள் பலவற்றிற்கும் இன்றைய மின்னணுக் கருவிகள் சிலவற்றிற்கும் இவ்வளவே பொது. இதன் விகிதம் மூன்றுக்கு இரண்டு.

35 மில்லிமீட்டர் லென்சினைக் கொண்டு கிடைவாட்டில் எடுப்பின், எதிர்ச்சுவரில் ஏறத்தாழப் பத்தேகாலடி அகலமும் ஏழடிக்குச் சற்றே குறைந்த உயரமும் அடங்கும். அகலத்திற்குக் குறைவில்லை; சுவர் முழுதும் நிறைந்துவிடும். ஆனால் நிற்பவர் கண்ணுயரமாகிய ஐந்தடியில் கருவியைச் சாய்க்காது பிடிப்பின், சட்டகத்தின் கீழெல்லை தரைக்கு ஒன்றரையடிக்கு மேலே நின்றுவிடும். கறை சட்டகத்திற்கு நூலளவு கீழே போய்விடும். படமெடுத்தவர் எதனையும் மறைக்க எண்ணினாரல்லர். நின்று எடுத்தார், கிடைவாட்டில் எடுத்தார், அவ்வளவே. ஆயினும் அந்த வீட்டின் துயரம் படத்தில் இல்லை.

இனி 24 மில்லிமீட்டர் அகல்கோண லென்சினைக் கொள்க. கிடைவாட்டில் பதினைந்தடி அகலம் அடங்கும். எதிர்ச்சுவர் பத்தடியே ஆதலின், எஞ்சிய இடத்தைப் பக்கச் சுவர்கள் இரண்டும் நிரப்பும். படத்தின் இருபுறமும் ஆறிலொரு பங்கு பக்கச் சுவராகவே அமையும்; அவை வெளிநோக்கி நீண்டு விரியும். தொலைக்காட்சிக்கெனப் பதினாறுக்கு ஒன்பது என்னும் விகிதத்தில் மேலும் கீழும் வெட்டிவிட்டால், பத்தடி அறை நீண்டதொரு கூடம்போலத் தோன்றும். வீடு விற்பார் விளம்பரங்களில் அறையைப் பெருக்கிக் காட்டுதற்குக் கையாளும் உத்தியும் இதுவே. விற்பனைக்கு உதவும் அப்பெருக்கம் இங்கு வீட்டாரின் நெருக்கத்தையே இல்லாதாக்கிவிடுகிறது. ஒரு குடும்பம் முழுதும் படுத்துறங்கும் இடம் நடமாட இடமுள்ளதாகக் காட்டப்படுகிறது.

அதே லென்சினை நிமிர்த்திப் பிடித்து, அமர்ந்தார் கண்ணுயரமாகிய மூன்றடியில் வைத்து, பின்னர் நான்குக்கு ஐந்து என்னும் விகிதத்தில் மேலும் கீழும் சிறிது வெட்டுக. இப்போது சட்டகத்தின் அகலம் எதிர்ச்சுவரின் பத்தடியோடு சரியாகப் பொருந்தும். மேலெல்லை கூரை தொடங்கும் இடத்தைத் தொட்டு நிற்கும். கீழே சுவரின் அடியும் கறையும் அடங்குவதோடு, அறையின் தரையில் உட்பாதியும் தோன்றும். மக்கள் அமர்வதும் உண்பதும் உறங்குவதும் அத்தரையிலேயே அன்றோ? இச்சட்டகம் அறையை உள்ளவாறு காட்டுகிறது. இதற்குக் காரணம் நான்குக்கு ஐந்து என்பதில் மறைந்த மந்திரம் எதுவும் அன்று. அவ்வறையின் சுவரும் தரையும் வேண்டிய அளவு அதுவாயிற்று என்பதே காரணம். வேறோர் அறைக்கு வேறோர் அளவு வேண்டியிருத்தலும் கூடும்.

3. தொகுத்தாரும் வெட்டுவாரும்

அளவு பொருளிலிருந்து பிறத்தல் வேண்டும் என்னும் இக்கருத்துக்கு நம் தொகை நூல்கள் நல்ல சான்று. அகப்பாடல்களைத் தொகுத்தோர் அடியளவு பற்றியே அவற்றை வகுத்தனர். மூன்றடி முதல் ஆறடி வரையுள்ளன ஐங்குறுநூறாயின. நான்கு முதல் எட்டு வரை குறுந்தொகை; ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நற்றிணை; பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரை நெடுந்தொகை எனப்படும் அகநானூறு. ஆசிரியப்பா மூன்றடிச் சிறுமையும் ஆயிரமடிப் பெருமையும் உடையது என்பது தொல்காப்பியர் வகுத்த எல்லை. அவ்வெல்லைக்குள் எவ்வளவு வேண்டும் என்பதைப் பாடும் பொருளே முடிவு செய்தது.

ஈண்டுக் கருதத்தக்கது, தொகுத்தார் எந்தப் பாடலையும் தொகையின் அளவுக்கு வெட்டவில்லை என்பது. பாடலின் அளவுக்கு ஏற்ற தொகையைத் தேடி அதில் சேர்த்தனர். குறுந்தொகையில் 307, 391 ஆம் பாடல்கள் ஒன்பதடி உடையன. எட்டடி எல்லையைக் கடந்தன என்று அவற்றின் ஓரடியைக் குறைத்தாரில்லை. எல்லை சிறிது நெகிழ்ந்தது. பாடல் குறையாது நின்றது.

இன்றைய அச்சகத்தின் நெறி இதற்கு மறுதலையானது. செய்தித்தாளில் பத்தியின் அகலம் முன்னரே முடிவாகிவிடுகிறது. தொலைக்காட்சித் திரை பதினாறுக்கு ஒன்பது. கைப்பேசிக்கென நிமிர்த்தி எடுக்கும் காணொளி ஒன்பதுக்குப் பதினாறு. இன்ஸ்டாகிராம் 2015 வரை சதுரமல்லாத படத்தை ஏற்றதில்லை. இடம் முதலிலும் படம் பின்னும் வருகின்றன. இடத்திற்கேற்ப வெட்டும் கையில் முதலில் போவது பெரும்பாலும் தரையே. முகமும் கூரையும் இருக்க வேண்டும் என்று கருதுவார், தரையைப் பொருளற்ற வெற்றிடம் எனக் கொள்கின்றனர். நாற்காலியும் கட்டிலும் நிறைந்த மனைக்கு அஃது ஒருவாறு பொருந்தலாம். தரையிலேயே வாழ்க்கை நிகழும் குப்பத்து வீட்டிற்குப் பொருந்தாது.

4. வறியோர் மனையும் புலவர் நோக்கும்

வறியோர் வீட்டினுள்ளே நோக்குதல் புலவர்க்கு அரிய பொறுப்பாக இருந்தது. அவருள் இருவர் கொண்ட அளவுகளை ஒப்பிடுதல் தகும்.

புறநானூற்று 164 ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் தம் வறுமையைக் குமணனுக்கு உரைக்கிறார். வீட்டின் கூரையைச் சொன்னாரல்லர், சுவரைச் சொன்னாரல்லர். சமைத்தலையே மறந்து காளான் பூத்த அடுப்பு ஒன்று. அதனை அடுத்துப் பாலற்ற முலையைச் சுவைத்து அழும் குழந்தை. தாய் நீர் நிறைந்த கண்ணொடு குழந்தை முகத்தை நோக்க, அவள் துயரைத் தாம் நோக்கிக் குமணனை நினைந்து வந்ததாகப் புலவர் கூறுகிறார். இது மிக நெருங்கிய சட்டகம். எனினும் குறையுடையதன்று. ஒன்றை ஒன்று நோக்கும் நோக்குகளின் தொடர் அதனுள் முழுமையாக நிற்கிறது. சட்டகத்திற்குப் புறத்தே விடப்பட்ட வீடு முழுதும் அவ்வடுப்பினாலேயே உணரப்படுகிறது.

சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் கொண்ட அளவு வேறு. ஏறத்தாழப் பத்தடிகளில் ஓர் அட்டிலை முழுமையாகக் காட்டுகிறார். முதலில் தரை, ஆங்குக் கண் திறவாத குட்டிகள் பாலற்ற மடியைக் கவ்வ, பொறாது குரைக்கும் ஈன்றணிய நாய். அடுத்து, கட்டுத் தளர்ந்த பழஞ்சுவரும் கறையான் அரித்த புழுதியில் பூத்த காளானும். பின்னரே பசியால் மெலிந்த கிணைமகள் தோன்றுகிறாள். குப்பையில் முளைத்த கீரையை நகத்தாற் கிள்ளி உப்பின்றி வேகவைக்கிறாள். பிறர் காண்பதற்கு நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு ஒருங்கிருந்து உண்கிறாள்.

இப்பகுதியில் இரண்டு கூறுகள் ஆய்வுக்குரியன. முதலாவது, புலவரின் கண் தரையிலிருந்து தொடங்குகிறது. நாய்க்குட்டிகளின் உயரத்திலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து மகளின் இடைக்கும் கைக்கும் செல்கிறது. நிற்பவர் கண்ணுயரத்திலிருந்து குனிந்து பார்க்கும் பார்வை அன்று இது. இரண்டாவது, அடைக்கப்பட்ட கதவு. அதனைச் செய்தவள் அம்மனைக்கு உரியவள். தன் வறுமையில் எவ்வளவு பிறர் காணலாம் என்பதை அவளே முடிவு செய்கிறாள். புலவர் உள்ளே நின்று பாடினாலும் அம்முடிவை மறைத்தாரில்லை. கதவடைத்தாள் என்பதையும் பாட்டில் வைத்தார். ஆதலின் நாம் அம்மனையினுள் நோக்கும்போதே, நோக்குதற்கு உரிமை இல்லாதார் நாம் என்பதையும் உணர்ந்தே நோக்குகிறோம்.

இங்ஙனம் நோக்கின், ஓர வெட்டு இருவகைப்படும். ஒன்று, வீட்டார் காட்ட நாணுவதை அவர்க்காக விலக்கும் வெட்டு. மற்றொன்று, தாளுக்கு அடங்காததைத் தாளுக்காக விலக்கும் வெட்டு. முன்னது கிணைமகள் அடைத்த கதவின் இனத்தைச் சேர்ந்தது, பின்னது அவ்வினத்ததன்று. ஒரே ஓரத்தை ஒரே அளவில் வெட்டினும் இவ்விரண்டும் ஒன்றாகா.

5. எச்சமும் இழப்பும்

செய்யுள் உறுப்புகளுள் எச்சம் என்பதும் ஒன்று. பாட்டிற் கூறப்படாது விடப்பட்டதும், சொல்லாலோ குறிப்பாலோ கற்பார் நிரப்பிக்கொள்ளத் தக்கதுமாகிய பகுதி அது. விடப்பட்டன எல்லாம் எச்சம் ஆகா. நிரப்புதற்கு வேண்டிய குறிப்பு உள்ளே நின்றால்தான் எச்சம். இல்லையேல் அஃது இழப்பு. ஓர வெட்டினை மதிப்பிடுதற்கு இதனினும் தக்க கருத்து வேறில்லை எனலாம்.

எண்ணெய்க் கறையை மட்டும் நெருங்கி எடுத்த படத்தைக் கொள்வோம். வெள்ளைச் சுவர், கறுப்புக் கோடு, வேறொன்றும் இல்லை. கறை சான்றாக நிற்பது போலத் தோன்றும். ஆயின் அது எவ்வுயரத்தில் உள்ளது? வீட்டின் சுவரா, தெருச் சுவரா? எதனாலும் அறிய இயலாது. வீடு இங்கு எச்சமாகவில்லை, இழக்கப்பட்டது. அச்சட்டகத்தைச் சிறிது அகற்றி, கோட்டின் அருகே ஓர் அடுப்பையோ குடத்தையோ நிற்கச் செய்தால், கண்டார்க்கு உயரம் உடனே விளங்கும். அளவறிந்த ஒரு பொருள், காணாத வீட்டை நிரப்பிக்கொள்ள வழி தருகிறது. பெருந்தலைச் சாத்தனார்க்கு அடுப்பு செய்த பணியும் இதுவே.

6. நிலையே சட்டகமாதல்

ஓரறை வீட்டில் படமெடுப்பார் நிற்பதற்கு உரிய இடம் பெரும்பாலும் வாயிலே. வாயிலின் நிலைக்கால்களும் மேலே உள்ள உத்தரமும் ஒரு சட்டகத்தை ஏற்கெனவே அமைத்துத் தந்துள்ளன. ஏறத்தாழ மூன்றடி அகலமும் ஆறரையடி உயரமும் உடைய அந்நிலை, ஒன்றுக்கு இரண்டு என்னும் அளவை ஒட்டி நிமிர்ந்து நிற்பது. நிலையையும் படத்துள் அடக்கி எடுத்தால், கண்டவர் தாம் உள்ளே இல்லை, வாயிலில் நிற்கிறோம் என்பதை உணர்வர். விருந்தினர் நிற்கும் இடமும் அதுவே.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் வாக்கர் எவான்ஸ் 1936-இல் அலபாமா மாநிலத்துக் குத்தகை உழவர் வீடுகளை எடுத்த படங்கள் ஈண்டு ஒப்புநோக்கத் தக்கன. அவை பெரும்பாலும் எட்டங்குலத்திற்குப் பத்தங்குலத் தளம் உடைய பெருங்கருவியால் எடுக்கப்பட்டவை; நான்குக்கு ஐந்து என்னும் விகிதத்தன. அவற்றுள் புகழ்பெற்ற ஒன்றில் கைகழுவும் வட்டிலும் தொங்கும் துவாலையும் ஒருபுறம் நிற்க, மறுபுறம் திறந்த வாயில் வழியே அடுக்களை தெரிகிறது. வாயில் படத்தினுள் ஒரு படம் ஆகிறது. அகலத்தை விரிக்காமல் ஆழத்தைக் காட்டுதற்கு அவர் கண்ட வழி இது.

இதற்கு மாறாக, தயானிதா சிங் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியச் செல்வர் மனைகளைச் சதுரத்தில் எடுத்தார். பரந்த கூடங்களைச் சதுரத்துள் அடக்கியபோது, பெருமனை தன் விரிவை இழந்து, அதில் வாழ்வாரின் தனிமையைக் காட்டிற்று. சதுரம் ஆங்குப் பொருளைச் சுருக்கி ஆழமாக்கியது. எண்ணூரின் பத்தடி அறைக்கும் சதுரம் எதிர்ச்சுவரை முழுதாகத் தரும். ஆனால் தரையைத் தாராது. செல்வர் மனைக்கு நன்மை செய்த அளவு வறியோர் மனைக்கும் அவ்வாறே நன்மை செய்யும் என எண்ணுதல் தவறு.

7. மறுப்பும் விடையும்

எடுத்த படத்தை ஒருசிறிதும் வெட்டலாகாது என்பார் உளர். பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸான் இக்கொள்கைக்குப் பெயர் பெற்றவர். ஆயினும் 1932-இல் பாரிஸ் சாந்த்-லசார் நிலையத்தின் பின்புறம் நீர்த்தேக்கத்தைத் தாண்டும் மனிதரை அவர் எடுத்த புகழ்பெற்ற படம், ஓரம் வெட்டப்பட்ட பின்னரே நாம் காணும் வடிவைப் பெற்றது. மேலும், வெட்டாமை தூய்மையாகும் என்பதற்கும் இல்லை. கருவி தந்த மூன்றுக்கு இரண்டே முதல் வெட்டு. அதனை ஆக்கியோர் எண்ணூர் வீட்டைக் கண்டு அளந்தாரல்லர். வெட்டினாரா இல்லையா என்பதைக் காட்டிலும் யார் பொருட்டு வெட்டினார் என்பதே வினாவாதல் வேண்டும்.

செய்யுளளவும் படத்தளவும் ஒன்றல்ல என்று மறுப்பாரும் உண்டு. அம்மறுப்பில் உண்மை உண்டு. புலவர் சொல்லைத் தேர்ந்து அடியை அமைக்கிறார். படமெடுப்பார்க்கோ முன்னிற்கும் பொருள் தானே வந்து புகுகிறது. ஆனால் இவ்வேற்றுமை படமெடுப்பாரின் பொறுப்பை மிகுவிக்கிறதேயன்றிக் குறைக்கவில்லை. புலவர் சொல்லாது விட்டதை நாம் இல்பொருள் எனக் கொள்வதில்லை. படத்தில் இல்லாததை உலகம் எளிதில் இல்பொருள் எனக் கொண்டுவிடுகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை: மனையகப் படத்தின் சட்டக அளவு தாளினின்றோ திரையினின்றோ பிறவாது, அறையின் சுவரும் தரையும் வாயிலும் பற்றிப் பிறத்தல் வேண்டும். வெட்டுவது எச்சமாக நிற்குமாயின் கொள்ளத்தக்கது, இழப்பாகுமாயின் தள்ளத்தக்கது. வீட்டார் நாணுவதை அவர் சொற்படி விலக்குதல் அறம். அவர் காட்ட விரும்பும் கறையை இடத்தின் பொருட்டு விலக்குதல் அறமன்று.

ஆய்வு மாணவர்க்கு ஒன்று கூறி முடிப்போம். சுவடிகளைப் பதிப்பிப்பார் பாடவேறுபாடுகளை அடியிற் குறித்து, மூலம் எவ்வாறு இருந்தது என்பதைக் கற்பார்க்குக் காட்டுவர். படங்களைத் தொகுப்பார்க்கும் இந்நெறி வேண்டும். எண்ணூர் வீடுகளின் படங்களைக் காப்போர், வெளியிட்ட வடிவத்தோடு வெட்டாத முழுப்படத்தையும் காத்தல் நன்று. எங்கே, எவ்வளவு, எக்காரணத்தால் வெட்டப்பட்டது என்று குறித்து வைத்தலும் நன்று. சுவரின் கறை சுண்ணாம்பில் ஒருநாள் மறையும். அன்று அவ்வீட்டில் வெள்ளம் எவ்வுயரம் நின்றது என்று கேட்பார்க்கு, வெட்டிய ஓரத்தில் விடை இருத்தலும் கூடும்.